டயர் க்யூரிங் தொழிலாளியின் திறனை ஒரு முற்பகலில் அளக்க முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரியலூர்ப் பகுதிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் ஓடும் டம்பர், லோடர் வண்டிகளின் டயர்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து, கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தொழிலில் க்யூரிங் என்று ஒரு வேலை உண்டு. வெட்டுப்பட்ட இடத்தைச் சீவி எடுத்து, அங்கே பச்சை ரப்பரை, அதாவது இன்னும் வேகாத ரப்பரை நிரப்பி, அழுத்தமும் வெப்பமும் கொடுத்து, அது டயரோடு டயராகச் சேரும்வரை வேகவைத்து எடுப்பதுதான் அது. அந்த வேலையைச் செய்பவரின் திறனை இப்போது எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றியே இக்கடிதம். சற்று நீளமாக இருப்பதைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்மையில் எங்கள் வட்டாரத் தொழிலாளர்களுக்கு, அவர்களுடைய அனுபவத்தை அங்கீகரித்துச் சான்றிதழ் வழங்கும் தேர்வு ஒன்று நடந்தது. என்னிடம் வேலை செய்தவர்கள் கூப்பிட்டதால் நானும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இருபத்தெட்டுப் பேருக்கு ஒரே முற்பகலில் தேர்வு முடிந்துவிட்டது. மதிப்பீட்டாளராக வந்தவர் மரியாதை தெரிந்த இளைஞர். ஆனால் பச்சை ரப்பரைத் தொட்டதே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். டேப்லெட்டில் முப்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், பிறகு அணைத்துக் கிடந்த இயந்திரத்தின் அருகே ஆளுக்கு ஒரு புகைப்படம். கேள்விகள் வேறு மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவை. க்யூரிங் என்ற சொல்லுக்குக் 'குணப்படுத்துதல்' என்று போட்டிருந்தார்கள். "குணப்படுத்தும் நேரத்தை நிர்ணயிப்பது எது?" என்ற கேள்வியைப் படித்துவிட்டு, இருபத்திரண்டு ஆண்டுகள் இதே வேலையைச் செய்துவரும் ஒருவர், அவர் செய்து திரும்பி வந்த பழுதுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்னும்படியான ஒருவர், ஒன்றும் விளங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் தேறவில்லை. பட்டறையில் கணக்கு எழுதும் பையன், ரப்பரைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கும் பஃபிங் இயந்திரத்தை ஒரு நாளும் பிடிக்காதவன், தேறிவிட்டான். அந்தப் பையன் மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. நாளைக்கு அந்தச் சான்றிதழை நம்பி ஓர் ஒப்பந்ததாரர் அவனிடம் முப்பத்தைந்து டன் டம்பரின் டயரை ஒப்படைப்பாரே என்பதுதான் என் கவலை.

சாலையில் ஓடும் லாரியின் டயரோடு இதை ஒப்பிடக் கூடாது. எங்கள் பட்டறைக்கு அதிகமாக வருவது 18.00-25 என்ற அளவு. அதாவது பதினெட்டு அங்குல அகலமும் இருபத்தைந்து அங்குல ரிம்மும் கொண்டது. நிமிர்த்தி வைத்தால் ஓர் ஆள் உயரம் இருக்கும். தூக்குவதற்குக் கிரேனோ செயின் பிளாக்கோ வேண்டும். புதிதாக வாங்கினால் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். கூர்மையான சுண்ணாம்புக்கல் விளிம்பு ஒன்று பக்கச்சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் கீறிவிட்டால், அந்த டயரைக் கண்டம் செய்வதா, அதாவது இனி ஆகாது என்று ஒதுக்குவதா, பழுதுபார்த்து இன்னும் ஓராயிரம் மணி நேரம் ஓட்டுவதா என்பது முதலாளிக்குப் பெரிய கணக்கு. ஆகவே இந்த வேலை இருக்கத்தான் செய்யும். செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்பதை அறிய நேர்மையான ஒரு வழி வேண்டும்.

அப்படி ஒரு வழியைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்றால், க்யூரிங்கில் உண்டாகும் குறை வெளியே தெரியாது. பச்சை ரப்பர் பிசைந்த மாவைப் போன்றது. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பாது. அதில் கலந்திருக்கும் கந்தகம் வெப்பத்தில் ரப்பரின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்த பிறகுதான் அது டயருக்குரிய ரப்பராகிறது. சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றது இந்த வினைக்குத்தான். இன்றும் அடிப்படை மாறவில்லை. ஆனால் ரப்பர் வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தமானது. டயரை வைத்து வேகவைக்கும் அச்சின் (மோல்டின்) சூடு முதலில் மேல்தோலைத்தான் வேகவைக்கும். நடுவே இருக்கும் ரப்பருக்குச் சூடு போய்ச் சேர மணிக்கணக்காகும். கனம் இரண்டு மடங்கானால் நேரத்தை இரண்டு மடங்காக்கினால் போதாது, ஏறத்தாழ நான்கு மடங்கு ஆக்க வேண்டும். இதை உணராதவர், லாரி டயரில் பழகிய கணக்கை டம்பர் டயருக்கும் போட்டுவிட்டு, மேலே பளபளவென்று வந்திருக்கும் பழுதைத் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைவார். இட்லி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் நமக்கு, நான்கு விரல் கனமுள்ள ரப்பரின் நடுவைக் குத்திப் பார்க்க வழியில்லை.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். நான் மேஸ்திரியாகி இரண்டாம் ஆண்டு, தோள்பகுதியில் பெரிய வெட்டோடு வந்த ஒரு பின்சக்கர டயரைப் பழுதுபார்த்து அனுப்பினோம். எனக்கே பிடித்துப்போகும் அளவுக்கு வேலை அழகாக வந்திருந்தது. பதினோராவது நாள் அது திரும்பி வந்தது. நிரப்பிய ரப்பர் முழுவதும் கட்டியாகக் கழன்று, ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. நல்லவேளையாக டம்பர் சமதளத்தில் நின்றிருந்தபோது நடந்தது, யாருக்கும் அடியில்லை. அந்தக் கட்டியைக் கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஒரு விரல் கனத்துக்குக் கறுத்து, இறுகி, அழுத்தினால் உடனே திரும்பும் நல்ல ரப்பர். உட்பக்கம் போகப் போக மங்கி, நடுவில் கட்டைவிரல் பருமனுக்கு நகம் பதியும் மெத்தையாக, ரொட்டியைப் போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. பச்சை ரப்பரின் வாடைகூடப் போகவில்லை.

அன்றைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், நீராவிக் கேஜ் தொடக்கம் முதல் முடிவு வரை 4 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் காட்டியிருந்தது. நேரமும் குறித்தபடியே கொடுக்கப்பட்டிருந்தது. தாளில் பிழையே இல்லை. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கேஜ் 4 கிலோ காட்டும்போது உள்ளே ஏறத்தாழ 151 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஆனால் அது சுத்தமான நீராவிக்கு உரிய கணக்கு. அன்று வால்வைத் திறந்தவர் புதியவர். அச்சுக்குள் இருந்த காற்றை முதலில் வெளியேற்றாமல் நீராவியை விட்டுவிட்டார். காற்றும் நீராவியும் சேர்ந்து 4 கிலோ அழுத்தத்தைக் காட்டும். முள் நேராக நிற்கும். வெப்பம் மட்டும் வரவேண்டிய இடத்துக்கு வராது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வேகும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அதன்படி அந்த டயர் பாதி வேக்காட்டில் வெளியே வந்திருக்கிறது. அந்தப் புதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்றை ஏன் வெளியேற்ற வேண்டும் என்று நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. வால்வைத் திறக்கத் தெரிகிறதா என்று மட்டுமே பார்த்திருந்தேன். மதிப்பீட்டில் தவறியவன் நான்தான்.

அன்று முதல் என்னிடம் வரும் ஆளைத் தனியாக க்யூரிங்கில் விடுவதற்கு முன் நான் கடைப்பிடித்த முறையை இங்கே எழுதுகிறேன். தேர்வு நடத்துவோருக்கு உதவக்கூடும்.

முதலில், அவரை வெப்பம் ஏற்றும் இடத்தில் பார்க்கத் தொடங்கக் கூடாது. வெட்டைத் திறக்கும் இடத்திலேயே பார்க்கத் தொடங்க வேண்டும். ஏனென்றால் க்யூரிங்கில் வெளிப்படும் தவறுகளில் பாதி அதற்கு முன்பே செய்யப்பட்டவை. டயரின் ரப்பருக்குள் இருக்கும் நூல் அடுக்குகளில் ஈரம் தங்கியிருந்தால், வெப்பம் ஏறியதும் அந்த ஈரம் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிய முயலும்; பழுது உள்ளிருந்து பிளக்கும். மழைக்காலத்தில் சுரங்கக் குழியிலிருந்து வரும் டயரை நன்றாக உலர்த்தாமல் தொடுபவர் எவ்வளவு கைத்திறன் உள்ளவராக இருந்தாலும் தேறியவர் அல்லர். பஃபிங்கின்போது இயந்திரத்தை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் ரப்பர் கருகி வழவழப்பாகிவிடும். நீலப் புகை கிளம்பும். கருகிய பரப்பில் எந்த சொல்யூஷனும், அதாவது ஒட்டுவதற்குப் பூசும் கரைசலும், பிடிக்காது. புகை வந்ததும் அவர் கையை எடுக்கிறாரா, எடுத்த பிறகு அந்த இடத்தை மறுபடியும் சொரசொரப்பாக்குகிறாரா என்பதை நான் பேசாமல் நின்று பார்ப்பேன். அடுத்து சொல்யூஷன். அது உலரும்வரை பொறுமையாக இருப்பவர் குறைவு. விரல் முட்டியால் தொட்டுப் பார்த்து, ஈரம் போய்விட்டது, பிசுபிசுப்பு இருக்கிறது என்ற நிலை வந்த பிறகே குஷன் கம் என்னும் ஒட்டு ரப்பர்த் தகட்டை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய கரைப்பான் கொப்புளமாகும்.

பிறகுதான் க்யூரிங். இங்கே நான் பார்ப்பது மூன்று தருணங்களை. வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளை எங்கே வைக்கிறார் என்பது ஒன்று. சூடு சீக்கிரம் ஏறும் இடத்தில் வைப்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். கடைசியாகச் சூடேறும் இடத்தில், கனம் அதிகமான இடத்தில் வைக்க வேண்டும். நேரத்தை எப்போதிருந்து எண்ணுகிறார் என்பது இரண்டாவது. சுவிட்சைப் போட்ட நேரத்திலிருந்து எண்ணுபவரை நான் அனுமதித்ததில்லை. அந்தக் கடைசி இடம் உரிய வெப்பத்தை எட்டிய நிமிடத்திலிருந்துதான் கணக்கு. முடிந்த பிறகு என்ன செய்கிறார் என்பது மூன்றாவது. வேலை முடிந்த களைப்பில் உடனே அழுத்தத்தை விட்டுவிடத் தோன்றும். சூடு இறங்கும்வரை அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பவர்தான் முழுத் தொழிலாளி. ரப்பரின் இறுக்கத்தைக் கடினமானியை வைத்து அளப்பதும் டயர் குளிர்ந்த பிறகே. சூட்டோடு அளந்தால் எண் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்து வேகவில்லை என்று எண்ணி மறுபடியும் சூடேற்றுவார்கள். இதுவும் கேடுதான். இவ்வகை டயர்களில் இயற்கை ரப்பர் அதிகம். அளவுக்கு மேல் வெந்தால் கந்தகப் பிணைப்புகள் அறுந்து ரப்பர் பலமிழக்கும். வேகாததைப் போலவே குழைந்ததும் ஆகாது.

கேள்வியும் கேட்பேன், ஆனால் வாயால், வேலைக்கு நடுவே. எனக்கு மிகவும் பயன்பட்ட கேள்வி ஒன்று உண்டு. 2012இல் மாவட்டங்களில் மின்வெட்டு கடுமையாக இருந்ததைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நாங்கள் மின்சார ஹீட்டிங் பேடுகளுக்கு மாறியிருந்தோம். பழுதை அழுத்திப் பிடிக்கும் காற்றுப்பைக்கு அழுத்தம் கொடுக்கும் கம்ப்ரசரும் மின்சாரத்தில்தான். "இரண்டாவது மணி நேரத்தில் கரண்ட் போய், நாற்பது நிமிடம் கழித்து வருகிறது. என்ன செய்வாய்?" என்று கேட்பேன். "நாற்பது நிமிடத்தைக் கூட்டிக்கொள்வேன்" என்று பலரும் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் தவறு. கரண்ட் வந்தவுடன் பழைய வெப்பம் வந்துவிடாது. மீண்டும் ஏற எடுத்துக்கொள்ளும் நேரமும் கணக்கில் வர வேண்டும். அதைவிட முக்கியம், இடையில் காற்றுப்பையின் அழுத்தம் இறங்கியதா என்பது. ரப்பர் இன்னும் பச்சையாக இருக்கும்போது அழுத்தம் போயிருந்தால் உள்ளே குமிழிகள் உண்டாகியிருக்கும். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அவை மறையாது, பழுதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். "முதலில் அழுத்தக் கேஜைப் பார்ப்பேன், வால்வை மூடுவேன்" என்று சொன்ன ஒருவரை நான் அன்றே நம்பினேன். தேர்வில் தேறவில்லை என்று முன்னே சொன்னேனே, அவர்தான் இவர்.

எல்லாம் முடிந்த பிறகு, பழகுவதற்கென்று வைத்திருக்கும் கண்டம் செய்த டயரில் அவர் செய்த பழுதை அவர் முன்னாலேயே குறுக்கே அறுப்பேன். மெத்தையாக இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, பழைய ரப்பரும் புதிய ரப்பரும் சேரும் கோடு கண்ணுக்குத் தெரிகிறதா, கத்தியின் நுனியால் பிரிக்க வருகிறதா என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம். இதைவிடத் தெளிவான விடைத்தாளை நான் கண்டதில்லை.

இவ்வளவுக்கும் ஒரு நாள் முழுவதும் பிடிக்கும். கனமான பழுதென்றால் இரண்டு நாளும் ஆகும். தேர்வு நடத்துவோர் செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். இருபத்தெட்டுப் பேரை ஒரே நாளில் அழைப்பதால்தான் கட்டுப்படியாகவில்லை. பட்டறையில் வேலை நடக்கும் நாளிலேயே மதிப்பீட்டாளர் வந்து நின்றால், கூலியும் கெடாது, இயந்திரமும் ஓடும்.

நம் நாட்டில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013இல் அறிவிக்கப்பட்டபோது, ஏட்டுப் படிப்பு இல்லாதவரின் தொழிலறிவுக்கும் உரிய இடம் கிடைக்கும் என்று எங்களைப் போன்றவர்கள் நம்பினோம். முன்பே பெற்ற திறனை அங்கீகரிக்கும் ஏற்பாடு அதில் இருப்பது உண்மையிலேயே நல்ல விஷயம். அதை நான் எதிர்க்கவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்கு 1966ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சி விதிகளும் இருக்கின்றன. ஆனால் சுரங்க எல்லைக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறையில் நின்று அதே டம்பரின் டயரை வேகவைப்பவரை அந்த விதிகள் எட்டுவதில்லை. டயர் உள்ளே ஓடுகிறது, அதைப் பழுதுபார்த்தவர் வெளியே இருக்கிறார் என்பதால் பொறுப்பு நடுவழியில் நின்றுவிடுகிறது. சுரங்கத் தொழில் பெரிதாக நடக்கும் ஆஸ்திரேலியாவில், இவ்வகை டயர்களின் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் ஏ.எஸ். 4457 என்ற தர ஆவணத்தின் இரண்டாம் பகுதி தனியாகவே உள்ளது. அங்கே தொழிற்பயிற்சி மதிப்பீட்டில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக, வேலையைச் செய்து காட்டுவதைக் கொண்டு 'தகுதி பெற்றார்' அல்லது 'இன்னும் தகுதி பெறவில்லை' என்றுதான் எழுதுகிறார்கள். அந்த 'இன்னும்' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. தோற்றுப்போனார் என்று எழுதினால் ஐம்பது வயதுத் தொழிலாளி மறுபடியும் அந்தப் பக்கம் வரமாட்டார்.

இன்னொன்றையும் மதிப்பிட வேண்டும். அதை எந்தத் தாளிலும் நான் பார்க்கவில்லை. முடியாது என்று சொல்லும் துணிவு. ரிம்மில் உட்காரும் விளிம்புக்குள் இருக்கும் பீட் கம்பி வரை வெட்டு இறங்கிய டயரை, நூல் அடுக்குகள் அளவுக்கு மேல் அறுந்த டயரை, எவ்வளவு நன்றாக வேகவைத்தாலும் அது நிற்காது. வெளியே முதலாளியின் வண்டி காத்திருக்கும். எப்படியாவது ஒரு மாதம் ஓடினால் போதும் என்பார். அந்த நேரத்தில் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து டயரின் மேல் பெருக்கல் குறி போடுபவரே எனக்குத் தெரிந்த தகுதியுள்ளவர். தேர்வுக்கு வைக்கும் டயர்களில் ஒன்றாவது அப்படிப் பழுதுபார்க்கக் கூடாததாக இருக்க வேண்டும். அதைக் கையில் எடுத்து வேலையைத் தொடங்குபவரை அங்கேயே நிறுத்திவிடலாம். அதேபோல, டயர் வெடித்தால் தடுக்கும் பாதுகாப்புக் கூண்டுக்கு வெளியே வைத்துக் காற்றடிப்பவரையும், ரிம்மோடும் காற்றோடும் இருக்கும் டயரின் அருகே வெல்டிங் சூட்டைக் கொண்டுபோகிறவரையும் மறு பேச்சின்றி நிறுத்த வேண்டும். டயருக்குள்ளே ரப்பர் சூட்டில் சிதைந்து வாயுவாகி வெடித்தால், பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது.

ஆகவே, இத்தேர்வுகளை வகுக்கும் பொறுப்பில் உள்ளோரிடம் தங்கள் நாளிதழின் வாயிலாக நான் வேண்டுவது இதுதான். கேள்விகளைப் பட்டறைத் தமிழில், வாய்மொழியாகக் கேளுங்கள். இந்த வேலையைத் தன் கையால் பல ஆண்டுகள் செய்த ஒருவராவது மதிப்பீட்டாளராகவோ அவருக்குத் துணையாகவோ இருக்கட்டும். ஓய்வு பெற்ற மேஸ்திரிகள் எங்கள் மாவட்டத்திலேயே பலர் இருக்கிறோம். ஒரு முழு க்யூரிங்கைத் தொடக்கம் முதல் குளிரும்வரை உடனிருந்து பாருங்கள். செய்த பழுதை அறுத்துப் பார்க்காமல் சான்றிதழ் எழுதாதீர்கள்.

பதினோராவது நாள் திரும்பி வந்த அந்த ரப்பர்க் கட்டியின் குறுக்குவெட்டுத் துண்டு இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பயிற்சி கொடுப்போர் யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன். தேர்வுக்கு வைக்கக் கண்டம் செய்த இரண்டு 18.00-25 டயர்களைத் தருவதாக எங்கள் ஊர்ப் பட்டறை உரிமையாளர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தேறாமல் போனவர் மறுபடியும் எழுதத் தயாராக இருக்கிறார். ஒரு முழு நாள் ஒதுக்கி வந்து பக்கத்தில் நிற்கக்கூடிய மதிப்பீட்டாளர்தான் இனி வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற டயர்ப் பட்டறை மேஸ்திரி,
அரியலூர் மாவட்டம்.